பழைய மோட்டாரும் பழகிய கைகளும்

மனிதனுக்கு உண்டாகும் ஆசைகளில் சில இளமையில் தோன்றி முதுமையில் அடங்கிவிடும். வேறு சில, இளமையில் வாய்மூடிக் கிடந்துவிட்டு, தலை நரைத்து, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் தறுவாயில் மெல்லத் தலைநீட்டும். என் மோட்டார் ஆசை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டில், அப்போது 62 வயது நிறைந்திருந்த டிரையம்ஃப் ஹெரால்டு வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினேன். துணிக்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டுத் திறந்த வெளியில் செல்லக்கூடிய வண்டி அது. ஆங்கிலேயர் அதனைக் கன்வர்ட்டிபிள் என்பர். அன்று முதல் பொங்கல் விழாவிலும் நவராத்திரிக் கொலுவிலும் என்னைச் சந்திக்கும் சங்கத்து அன்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "வண்டி ஓடுகிறதா?"

ஓடவில்லை. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஓடவும் ஓடாது. இதைச் சொன்னவுடன் கேட்டவர் முகத்தில் ஓர் அனுதாபம் தோன்றும். "வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக் கொள்வானேன்?" என்று அவர் மனத்துக்குள் நினைப்பது எனக்கு நன்றாகக் கேட்கும். அந்த அன்பர்களுக்கு நின்றபடியே விடை சொல்லிவிட முடியாது. ஆகவே இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வண்டியின் பூர்வோத்தரம். ஹெரால்டு, இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனியார் 1959-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட சிறு வண்டி. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலி நாட்டு டூரின் நகரத்துக் கலைஞர் ஜியோவானி மிக்கலோட்டி. கூரை மடக்கும் வகை அடுத்த ஆண்டு, 1960-ல் வந்தது. 1971 வரை எல்லா வகைகளும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெரால்டுகள் உற்பத்தியாயின.

இவ்வண்டி உருவான விதத்தில் ஒரு சுவையான சங்கதி உண்டு. அக்காலத்தில் மற்றக் கம்பெனிகள் வண்டியின் உடலையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாகவே பற்றவைக்கும் புதுமுறைக்கு மாறிக் கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல்களைச் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்னும் நிறுவனத்தை, போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953-ல் விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து கொடுக்க ஆளில்லை. ஆகவே ஸ்டாண்டர்டு கம்பெனியார், தனியான அடிச்சட்டம் ஒன்றைச் செய்து, உடலைப் பல துண்டுகளாகப் பல இடங்களில் அடித்து வாங்கி, அச்சட்டத்தின்மேல் போல்ட்டு நட்டுக் கொண்டு பூட்டினார்கள். முன்பக்கம் முழுவதும், விளக்கு, மட்கார்டு, பானெட் எல்லாமாக, ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். பெட்டி வண்டியின் கூரையைக்கூட போல்ட்டுகளைக் கழற்றித் தனியே தூக்கிவிடலாம். அன்று வேறு வழியில்லாமல் செய்த இந்த ஏற்பாடு, அறுபது ஆண்டுகளுக்குப் பின் என்னைப் போன்ற எளியவனுக்குப் பேருதவியாக இருக்கிறது. துண்டு துண்டாகப் பூட்டியதைத் துண்டு துண்டாகவே கழற்றிப் பழுதுபார்க்கலாம் அல்லவா?

இதில் நமக்குச் சொந்தமான சங்கதியும் ஒன்று உண்டு. இவ்வண்டியின் உடன்பிறப்புகள் சென்னையை அடுத்த வண்டலூரில் பிறந்தவை. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனியார் அங்கே 1961 முதல் இதனை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் பூட்டி விற்றார்கள். நாளடைவில் உள்நாட்டுப் பாகங்களைப் பெருக்கி, இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் செய்தார்கள். 1972-ல் அதே எஞ்சினோடு 'கெஸல்' என்ற வண்டி வந்து, 1977 வரை ஓடியது. சென்னையிலும் தஞ்சை, திருச்சி ஜில்லாக்களிலும் அக்காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் ஹெரால்டில் வந்து இறங்கியதை நம் சங்கத்துப் பெரியவர்கள் சிலர் நினைவில் வைத்திருப்பார்கள். தாம்பரத்தில் இருந்த என் சித்தப்பா சாம்பல் நிற ஹெரால்டு ஒன்று வைத்திருந்தார். அதன் பானெட்டை அவர் முன்னால் கவிழ்த்ததும் எஞ்சின், சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் ஒரு தட்டில் பரிமாறியது போல் வெளியே தெரிய, நாங்கள் சிறுவர்கள் சுற்றி நின்று வாய்பிளந்து பார்ப்போம். ஒரு யந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் முதன்முதலாகக் கண்டது அந்தப் பானெட்டின் அடியில்தான்.

கொல்கத்தாவில் என் கண்ணில் பட்ட வண்டி வண்டலூரில் பிறந்ததன்று. 1960-ல் கவென்ட்ரியில் செய்யப்பட்டு, தேயிலைக் கம்பெனி ஒன்றின் வெள்ளைக்கார அதிகாரியோடு கப்பலேறி வந்தது. அவர் ஊர் திரும்பியபோது பவானிபூரில் இருந்த ஒரு வங்காளிக் குடும்பத்தார் அதை வாங்கினர். அவர்கள் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கிடந்தது. அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போவதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கச் சென்றேன்.

பார்க்கச் சென்றபோது மூன்று காரியங்களை முதலில் கவனித்தேன். ஒன்று, இது பிறவியிலேயே திறந்த வண்டிதானா, அல்லது பெட்டி வண்டியின் கூரையைக் கழற்றிவிட்டுத் துணி போர்த்தியதா என்பது. கம்பெனி பொருத்திய எண் தகட்டில், எண்ணின் முடிவில் 'சி.வி.' என்ற எழுத்துகள் இருந்தன. அவை கன்வர்ட்டிபிள் என்பதன் குறி. இரண்டு, எஞ்சின். அது 948 சி.சி. கொண்ட பழைய எஞ்சின். 1961-ல் இங்கிலாந்தில் 1147 சி.சி. எஞ்சின் வந்துவிட்டது. வண்டலூர்க்காரர்களோ கடைசிவரை 948-ஐயே வைத்துக் கொண்டார்கள். ஆகவே சிலிண்டரின் 63 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஏற்ற பிஸ்டனும் வளையமும் நம் நாட்டுப் பழைய கடைகளில் இன்றும் தேடினால் அகப்படும். இங்கிலாந்தில் பிறந்த வண்டிக்கு வண்டலூர் உதிரிப் பாகம்! மூன்றாவது, பதிவுப் புத்தகத்தில் கண்ட அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்பது. பொருந்தின. ரூ. 3,00,000 கொடுத்து வாங்கினேன்.

"கொல்கத்தாவில் ஆனி முதல் புரட்டாசி வரை மழை. மற்ற மாதங்களில் வெயில், இல்லாவிட்டால் புகை. கூரையில்லாத வண்டி நமக்கு எதற்கு?" என்று கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். தைமாதத்தில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும் என்றேன். அவள் சிரித்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டாள். மாதம் ரூ. 8,000-க்கு மேல் இவ்வண்டிக்குச் செலவிடலாகாது, ஒவ்வொரு காசும் நோட்டில் ஏற வேண்டும், ஊரில் வீடு கட்டுவதற்கென்று பாங்கியில் போட்டிருக்கும் பணத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கலாகாது என்பன அவள் விதித்த மூன்று நிபந்தனைகள். இந்தக் கணக்கின்படி வேலை முடிய ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஆகட்டுமே என்றிருந்தேன். பழைய வண்டியை வாங்குகிறவனுக்கு அவசரம் கூடாது என்பது என் எண்ணம்.

வேலைக்கு அமர்ந்தவர் டாலிகஞ்சில் சிறு கொட்டகை வைத்திருக்கும் முதிய மிஸ்திரி ஒருவர். வயது எழுபதைத் தாண்டியவர். பதின்மூன்றாவது வயதில், 1964-ல், பட்டறையில் சேர்ந்தவர். அன்று கொல்கத்தாத் தெருக்களில் ஓடிய ஹெரால்டுகளைக் கையால் தொட்டு வளர்ந்தவர். தகடு அடித்து வளைக்கும் வேலையை நம் ஊரில் டிங்கரிங் என்போம். இங்கே டென்டிங் என்பார்கள். பெயர் எதுவாயினும், சுத்தியலின் ஒலியைக் கேட்டே தகடு எங்கே இளைத்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் இம்மனிதர். எனக்கு அவர் 'மிஸ்திரி தாதா'. அவருக்கு நான் 'மாஸ்டர் மொஷாய்'. நான் பள்ளி ஆசிரியனாக இருந்தவன் என்பதை அறிந்த நாள் முதல் அப்படித்தான் அழைக்கிறார்.

முதல் நாள் அவர் பார்த்தது வண்டியின் முன்சக்கரங்களை. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிப்பகுதியில் திருகுமரை உண்டு. அது ட்ரன்னியன் என்னும் பித்தளை மூட்டுக்குள் இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்தத் திருகு பித்தளைக்குள் சுழலும். இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய்தான் இட வேண்டும். கிரீஸ் இட்டால் அது நாளடைவில் இறுகிப்போய், உள்ளே நீர் புகுந்து திருகு துருப்பிடிக்கும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் உட்பக்கமாக மடங்கிவிடும். எங்கள் வண்டிக்கு முன்பு எவரோ பல ஆண்டுகள் கிரீஸையே இட்டிருக்கிறார்கள். மிஸ்திரி மூட்டைக் கழற்றி, திருகில் தேய்ந்து குழிவிழுந்த இடத்தை என் விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். "இதை அப்படியே ஓட்டியிருந்தால் பாலத்தின்மேல் போகும்போது சக்கரம் விடை பெற்றுக் கொள்ளும்" என்றார். இந்தப் பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அவற்றை மட்டும் சுங்கவரி கொடுத்து அங்கிருந்து வரவழைத்தோம். உயிரைத் தாங்கும் பாகத்தில் சிக்கனம் பார்ப்பதில்லை என்று நோட்டுப் புத்தகத்தின் எஜமானியே தீர்ப்பளித்துவிட்டாள்.

அடுத்து எதைச் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாரும் சொல்லும் வழி, எஞ்சினை முதலில் ஓட வைப்பது. எஞ்சின் முழங்கினால் மனத்துக்கு உற்சாகம். பார்க்க வருகிறவர்களுக்கும் காட்டலாம். மாதம் ரூ. 8,000-க்கு அடங்கிய வேலையும்கூட. பிஸ்டன் ஒரு மாதம், பேரிங் ஒரு மாதம் என்று வாங்கிச் சேர்க்கலாம். இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களைப் பழுதுபார்க்கக் கொல்கத்தாவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாஸடர் வண்டிகளில் பழைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றுக்கும் எஸ்.யு. கார்புரேட்டர்தான். மல்லிக் பஜாரில் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடிச்சட்ட வேலையைக் கடைசிக்குத் தள்ளலாம். அதற்கு ஒரேயடியாகப் பெருந்தொகை வேண்டும்.

மிஸ்திரி இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாலை தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர் மொஷாய், எஞ்சினை நான் இல்லாவிட்டாலும் எவனாவது செய்வான். புத்தகம் இருக்கிறது, அளவு இருக்கிறது. இந்தச் சட்டத்தையும் கதவையும் சேர்த்து நிறுத்துவதற்குப் புத்தகம் இல்லை. என் வலக்கண்ணில் புரை விழுந்துவிட்டது. கையும் காலையில்தான் நடுங்காமல் இருக்கிறது. என் மருமகன் வாடகைக் கார் ஓட்டப் போய்விட்டான். தகடு பிடிக்க அவன் வரமாட்டான். ஆறு வருஷம் என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. இதைச் செய்வதானால் இந்த வருஷம் செய்யுங்கள்."

அவர் கேட்டதில் தம் கூலியைப் பற்றிய பேச்சே இல்லை என்பதை நான் கவனித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சட்டத்துக்கும் தகட்டுக்கும் ஒரே ஆண்டில் ஏறக்குறைய ரூ. 2,50,000 வேண்டும். அது ஊர் வீட்டுப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். நான் கேட்கவில்லை, கணக்கை மட்டும் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் பிறந்தகத்தைப் பற்றிப் பேசலானாள்.

அவளுடைய தகப்பனார் வீடு திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைக் குறுக்காக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் போட்ட பழைய மட்டப்பா வீடு. கோடையில் பனையோலை விசிறிகூடத் தேவைப்படாத வீடு. மட்டப்பாவில் ஒரு மூலை ஒழுகத் தொடங்கியது. அதே ஊரில் அந்த வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் இருந்தார். பணம் சேரட்டும், பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்று என் மாமனார் ஆண்டுதோறும் தள்ளிவைத்தார். பணம் சேர்ந்தபோது கொத்தனார் காலமாகிவிட்டார். கடுக்காய் நீரும் வெல்லமும் எந்த அளவில் சாந்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்லவும் ஆள் இல்லை. முடிவில் முழு மட்டப்பாவையும் இடித்துத் தள்ளிக் கான்கிரீட்டுப் போட்டார்கள். "அப்பா கையில் அப்போது பணம் இருந்தது. மட்டப்பாதான் இல்லை" என்றாள் என் மனைவி. மறுநாள் பாங்கிக்குப் போய்வந்தாள். நம் வீட்டில் ஓர் அறை குறைந்தால் குறையட்டும் என்பது அவள் முடிவு. அதைச் சொன்னபோது அவள் குரலில் மகிழ்ச்சி இருந்ததாகச் சொல்லமாட்டேன். அந்த ஓர் அறைக்காக அவள் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்ததை நான் அறிவேன்.

இவ்வாறு அடிச்சட்ட வேலை தொடங்கியது. அதன் நுட்பத்தை வாசகர்கள் தெரிந்துகொள்வது நலம். ஹெரால்டின் சட்டத்தில் நடுவே இரண்டு கனத்த உத்திரங்கள் ஓடும். அவற்றிலிருந்து இருபுறமும் கைகள் போல் இரும்புக் கிளைகள் நீண்டு உடலின் ஓரத்தைத் தாங்கும். நடு உத்திரங்கள் எளிதில் கெடுவதில்லை. மழைநீரும் சேறும் தேங்குவது ஓரத்துக் கைகளில்தான். அவைதான் உள்ளிருந்தே அரித்துப்போகும். எங்கள் வண்டியில் பின்கைகள் நான்கில் மூன்று, அப்பளம் போல் விரலுக்கு நொறுங்கின.

பெட்டி வண்டியானால் கூரை உடலை ஓரளவு இறுக்கிப் பிடிக்கும். திறந்த வண்டிக்கு அந்தத் துணை இல்லை. அடியில் ஒரு கையை வெட்டி எடுத்த கணத்தில் உடல் நடுவில் தொய்ந்துவிடலாம். தொய்ந்தபடியே புதுக் கையைப் பற்றவைத்துவிட்டால் பிறகு கதவு மூடாது, மூடினால் திறக்காது. ஆகவே மிஸ்திரி முதலில் கதவுகளைச் சாத்தி இடைவெளியைச் சரிபார்த்தார். பழைய வீட்டில் சுவரை இடிக்குமுன் உத்திரத்துக்கு முட்டுக் கொடுப்பது போல், கதவு நிலைகளின் நடுவே இரும்பு ஆங்கிள்களை வைத்து முடுக்கினார். ஒரு பக்கத்தில் ஒரு கை. அது முடிந்து, குளிர்ந்து, கதவு சரியாக இருக்கிறதென்று கண்ட பிறகே அடுத்தது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டுவதில்லை. கேஸ் வெல்டிங்கின் சூட்டில் இரும்பு எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அதற்கு எதிர்ப்பக்கம் ஓர் இழை தள்ளி வைத்துப் பற்றவைத்தார். ஆறியதும் அது தானே நேர்நிலைக்கு வந்து நின்றது. எவ்வளவு தள்ளி வைப்பது? அதற்குத்தான் புத்தகம் இல்லை.

கல்லூரியில் பௌதிகம் படிக்கும் என் மகள் விடுமுறையில் தற்செயலாக ஒரு நாள் கொட்டகைக்கு வந்தாள். மிஸ்திரி ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைக் கதவு இடுக்கில் மேலிருந்து கீழாக ஓட்டிக் கொண்டிருந்தார். நாணயம் உரசாமலும் ஆடாமலும் இறங்கினால் இடைவெளி சரி. எங்கே சிக்குகிறதோ அங்கே உடல் தொய்ந்திருக்கிறது. இதைக் கண்ட மகளுக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். பற்றவைக்குமுன் ஓர் அளவு, ஆறிய பின் ஓர் அளவு. எத்தனை இழை தள்ளினார், எந்தப் பக்கம் தள்ளினார். எல்லாவற்றையும் படமெடுத்து நோட்டில் எழுதினாள். தம் கைவேலையை ஒருவர் எழுதிக் கொள்வது மிஸ்திரிக்கு முதலில் கூச்சமாக இருந்தது. சில வாரங்களில், அவள் வராத நாளில் வேலையை நிறுத்திவைத்துக் காத்திருக்கும் அளவுக்கு அது பழகிவிட்டது. "தீதி வரட்டும், இது எழுத வேண்டிய இடம்" என்பார்.

இடையே நண்பர்கள் பலர் ஒரு யோசனை சொன்னார்கள். பழைய எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய மாருதி எஞ்சினைப் பொருத்தினால் ஆறு மாதத்தில் ஓட்டலாமே என்றார்கள். அப்படிச் செய்து ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி வகுத்திருக்கிறது. முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்து, அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல உருவத்தில் காக்கப்பட்ட வண்டிக்கே அந்தத் தகுதி கிட்டும். புதிதாகப் பதிவு செய்பவருக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள், கட்டணம் ரூ. 20,000, பத்தாண்டுகள் செல்லும், புதுப்பிக்க ரூ. 5,000. முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக் கொள்ளலாம். அத்தகைய வண்டியை அன்றாடம் ஓட்டித் திரிய அனுமதி இல்லை. கண்காட்சிக்கும் பேரணிக்கும், பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் மட்டுமே வெளியே எடுக்கலாம்.

விதி இருக்கட்டும். விதி இல்லாவிட்டாலும் நாங்கள் எஞ்சினை மாற்றியிருக்கமாட்டோம். அரித்துப்போன கையை வெட்டிவிட்டு அதே கனத் தகட்டில் அதே வளைவில் வேறு கை வைப்பது பழுதுபார்த்தல். நம் சௌகரியத்துக்காக வேறு எஞ்சினை நுழைப்பது வேறு வண்டி செய்தல். அதற்கு இந்த வண்டி எதற்கு? மிஸ்திரி வெட்டியெடுத்த பழைய கைகளையும் என் மகள் சாக்கில் கட்டி வைத்திருக்கிறாள். புதியவை பழையவற்றின் அச்சுதான் என்பதற்கு அவை சாட்சி.

சட்ட வேலை பதினான்கு மாதங்களில் முடிந்தது. கதவுகள் இரண்டும் இப்போது ஒரே விரலால் தள்ளினால் 'டக்' என்று மூடிக் கொள்கின்றன. கடைசிக் கையைப் பற்றவைத்த நான்காவது மாதம் மிஸ்திரிக்குக் கண் சிகிச்சை நடந்தது. பார்வை தெளிந்தது, ஆனால் கை நடுக்கம் கூடிவிட்டது. இப்போது அவர் டார்ச்சைக் கையில் எடுப்பதில்லை. கொட்டகையில் ஒரு முக்காலியில் அமர்ந்து, பக்கத்துப் பட்டறைப் பையன்கள் இருவருக்கு வாயால் சொல்லிக் கொடுக்கிறார். அவர் சொல் புரியாத இடத்தில் அவர்கள் என் மகளின் நோட்டைத் திறந்து பார்க்கிறார்கள். போன மாதம் வேறொருவருடைய பழைய மாரிஸ் மைனர் வண்டிக்கு அந்த நோட்டின் துணையோடு முட்டுக் கொடுத்தார்கள். அதைக் கேட்டபோது, எங்கள் வண்டி ஓடியிருந்தால் வரும் சந்தோஷத்தைவிட எனக்கு அதிகமாக இருந்தது.

இனி மீதமுள்ள வேலை: எஞ்சின் பிரித்துக் கிடக்கிறது, பிரேக்கு ரப்பர்கள் மாற்ற வேண்டும், மின்கம்பி முழுவதும் புதிதாக இழுக்க வேண்டும், துணிக்கூரை தைக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு பட்டி பார்த்து வர்ணம் பூச வேண்டும். டயருக்குக் கவலை இல்லை. 13 அங்குலச் சக்கரத்துக்கு டயர் இன்றும் கிடைக்கிறது. இவை எல்லாம் மாதம் ரூ. 8,000 கணக்குக்குத் திரும்பிவிட்டன. இவற்றைச் செய்யும் கைகள் ஊரில் ஏராளம். ஆகவே இனிமேல் ஆமை வேகத்தில் போனாலும் நஷ்டம் இல்லை.

பழைய வண்டி வாங்க நினைக்கும் அன்பர்கள் நம்மிடையே இருந்தால் அவர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்வேன். வர்ணத்தைப் பார்த்து வாங்காதீர்கள். படுத்துக் கொண்டு அடியைப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தின் எண்களை வண்டியின் எண்களோடு ஒத்துப் பாருங்கள். சக்கரம், பிரேக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்றிலும் காசைப் பார்க்காதீர்கள். திறந்த வண்டியின் அடிச்சட்டத்தில் முட்டுக் கொடுக்காமல் ஒருவரையும் கைவைக்க விடாதீர்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, வேலைகளை வரிசைப்படுத்தும்போது எது மலிவு, எது கண்ணுக்கு அழகு என்று பார்ப்பதற்கு முன், எந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் ஒருவரே மிஞ்சியிருக்கிறார் என்று பாருங்கள். அதை முதலில் செய்யுங்கள். மற்றவை காத்திருக்கும்.

இது மோட்டாருக்கு மட்டும் பொருந்துவதன்று என்பதை வெளியூரில் குடும்பம் நடத்தும் நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டியின் கைப்பக்குவமும், தாத்தா வாய்க்கணக்காகச் சொல்லும் நிலத்தின் எல்லைகளும், அத்தை பாடும் தாலாட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஓய்வு கிடைக்கட்டும், ஊருக்குப் போகட்டும் என்று தள்ளிவைக்கிறோம். நம் ஓய்வு வரும்போது அவர்கள் இருக்க வேண்டுமே! பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக் கொள்வதற்கு மாதம் ரூ. 8,000 ஆகாது.

கொல்கத்தாவில் 1968-ல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பழைய மோட்டார்ப் பேரணியில் எங்கள் ஹெரால்டு எப்போது கலந்துகொள்ளும் என்று சிலர் கேட்கக்கூடும். தெரியாது. 25 அடி வட்டத்துக்குள் முழுதும் திரும்பிவிடும் வண்டி என்பதால் எங்கள் லேக் மார்க்கெட் சந்துக்குள் அது நுழைந்து திரும்பும் என்பது மட்டும் நிச்சயம். அந்த நாளில் முன் இருக்கையில் யார் உட்காருவது என்பதும் தீர்மானமாகிவிட்டது. ஒன்று ஓட்டுகிறவருக்கு, அது என் மகள். மற்றொன்று மிஸ்திரி தாதாவுக்கு. பின் இருக்கை எனக்கும், நோட்டுப் புத்தகத்தோடு என் மனைவிக்கும். மழை வந்தால் குடை பிடித்துக் கொள்வதாக அவள் சொல்லியிருக்கிறாள்.